தீ பார்த்த மெசின்

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த இரண்டாம் கிழமை என் தங்கச்சி குடியிருந்த லயம், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, எரிந்தது. பகல் பத்து மணி இருக்கும். எல்லோரும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் காம்பரா என்கிற வீட்டறையின் கூரைக்குள் மின்கம்பி உரசிப் பற்றிய நெருப்பு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஆயாம்மா கத்திக்கொண்டு ஓடிவருவதற்குள் பன்னிரண்டு காம்பராக்களையும் கடந்துவிட்டது. பழைய லயங்களில் ஒரே முகடும் ஒரே கூரையும்தான் உண்டு. இடைச்சுவர்கள் கூரைவரை எழும்புவதில்லை. ஆகையால் நெருப்புக்குக் கதவும் தேவையில்லை, வாசலும் தேவையில்லை. ஒருவருக்கும் உயிராபத்து இல்லை என்பதே அன்று எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

சேதக் கணக்கெடுப்பு முடியும்வரை எரிந்த இடத்தில் எதையும் கிளறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கணக்கெடுப்பு முடியும் முன்னர் மழைக்காலம் வந்துவிட்டது. இலங்கை மலையகத்தில் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கம் தென்மேல் பருவமழையை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும்: வைகாசியில் தொடங்கும் தூறலும் மூடுபனியும் ஆவணிவரை ஓயாது, துவைத்த சீலை மூன்று நாளானாலும் காயாது. அந்த ஈரத்தில், விழுந்த தகரங்களுக்கு அடியில், நனைந்த சாம்பலுக்குள் எங்கள் அம்மாவின் தையல் மெசின் எழுபது நாள் கிடந்தது. மரச்சாம்பலில் நீர் பட்டால் காரமாகும்; காரம் இரும்பை அவ்வளவாகத் தின்னாது. ஆனால் மழை அந்தக் காரத்தை முதல் கிழமையிலேயே கழுவிக்கொண்டு போயிருக்கும். அதற்குப் பிறகு மிஞ்சியவை தண்ணீரும் காற்றும் மட்டுமே.

நான் அதைத் தூக்கியபோது தங்கச்சி சொன்னாள்: “அது இனி வெறும் இரும்புதானே அண்ணே, பழைய இரும்புக்காரன் வந்தா போட்டுவிடலாம்.” தலைப்பாகம் மட்டும் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ இருக்கும், கிலோ விலைக்குப் போட்டால் ஒரு மாதத்து மண்ணெண்ணெய்க்குக்கூடக் காணாது. முப்பத்தெட்டு வருடம் தேயிலை இஸ்டோரில் (தொழிற்சாலையில்) மெசின் திருத்தும் பிட்டராக இருந்தவனுக்கு, திறந்து பார்க்காமல் ஒரு மெசினை நிறுத்துப் போடுவது என்பது வைத்தியர் நாடி பார்க்காமல் பாடை கட்டச் சொல்வதைப் போன்றது. நான் அதை உரச் சாக்கில் சுற்றி ஓட்டோவில் ஏற்றி ஹட்டனுக்குக் கொண்டுவந்தேன்.

அம்மா அதை வாங்கிய கதையையும் சொல்லவேண்டும். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் குடியுரிமை இல்லாதிருந்த மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அதில் முதல் கணக்கிலேயே இந்தியாவுக்கு விழுந்த ஒரு குடும்பம் எங்கள் லயத்தில் இருந்தது. கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கவேண்டியவர்கள், கால் மெசினை எப்படிச் சுமப்பார்கள்? அம்மா தன் சீட்டுக் காசை முழுவதும் கொடுத்து அதை வாங்கினாள். வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய்வந்த களைப்பு தீராமலேயே, குப்பி விளக்கை மெசினின் தோளில் வைத்து, லயத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தாள். என் முதல் பள்ளிக்கூடக் காற்சட்டையும் அதில் தைத்ததுதான். அம்மாவுக்குப் பின் அது தங்கச்சிக்குப் போயிற்று.

அது சிங்கர் 15ஆம் வகுப்பு. எண்ணுக்குப் பின்னால் வரும் ‘கே’ என்ற எழுத்து ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் நகரத்தில் கில்போவி என்னுமிடத்தில் இருந்த தொழிற்சாலையைக் குறிக்கும். அடித்தட்டின் வலது மூலையில் பொறித்த தொடரிலக்கத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் தேய்த்து வாசித்தபோது, அது 1950களின் நடுப்பகுதியில் வார்க்கப்பட்டது என்று தெரிந்தது. அந்தத் தொழிற்சாலையும் தீ பார்த்ததுதான்: 1941 மார்ச் 13, 14ஆம் திகதி இரவுகளில் ஜேர்மன் விமானங்கள் கிளைட்பேங்கின்மீது குண்டு வீசியபோது, மெசின் மேசைகளுக்காக அடுக்கி வைத்திருந்த மரக்கிடங்கு முழுவதும் எரிந்துபோயிற்று. ஆனாலும் அது மீண்டும் ஓடி, 1980இல்தான் மூடப்பட்டது. அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றே பெயர்.

எரிந்த இரும்பைக் கையிலெடுக்கிறவன் முதலில் பார்க்கவேண்டியது இரும்பை அல்ல, அதைச் சுற்றிக் கிடந்தவற்றை. நான் சாக்கில் மெசினை மட்டும் கட்டவில்லை. அதன் அருகில் கிடந்த எல்லாவற்றையும் பொறுக்கினேன். தங்கச்சியின் அலுமினியச் சோற்றுப்பானை, ஊற்றிய தோசை மாவைப் போல், தரையோடு பரவி உறைந்திருந்தது. அலுமினியம் உருகுவது 660 பாகை செல்சியஸில். கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெல்லத் தொங்கியிருந்தன. கண்ணாடி இளகத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான். ஆனால் சாமிப் படத்தடியில் இருந்த பித்தளைக் காமாட்சி விளக்கு கறுத்துப்போனதே தவிர உருகவில்லை. பித்தளை உருக 900 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே மெசின் கிடந்த மூலையில் தீ 660க்கு மேலும் 900க்குக் கீழும் நின்றிருக்கிறது. வார்ப்பிரும்பு உருக 1,150 பாகை தேவை. உடல் தப்பிவிட்டது என்பதைப் பானையும் விளக்கும் சேர்ந்து சொல்லிவிட்டன. அதே சாட்சிகள் இன்னொன்றையும் சொல்லின: உள்ளே இருந்த உருக்கு உறுப்புகள் எவையும் பழைய குணத்தோடு இருக்க முடியாது.

இதை நான் கற்றது புத்தகத்தில் அல்ல. தோட்டங்கள் அரசுடைமையான 1975ஐ ஒட்டிய காலத்தில், நான் வேலை பழகுவதற்காக இஸ்டோரில் எடுபிடியாக நின்ற பருவத்தில், எங்கள் தலைமைப் பிட்டரிடம் ஒரு ரிவோல்வர் வந்தது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போனது. பங்களாவின் ஒரு பகுதி எரிந்தபோது அலுமாரியோடு வெந்து, பிறகு ஈரச் சுவரோரம் கிடந்து துருப்பிடித்தது. புதுத் துரை அதைப் பொலிஸ் கடிதத்தோடு கொண்டுவந்து, பழையபடி ஆக்கித் தரவேண்டும் என்றார். கைப்பிடிப் பலகை கரிந்து உதிர்ந்திருந்தது. உள்ளே இருந்த பட்டை ஸ்பிரிங்கைப் பெரியவர் விரலால் வளைத்துக் காட்டினார். அது நனைந்த நூலைப்போல வளைந்த இடத்திலேயே நின்றது. கிழமைக்கணக்கில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, செங்கல் தூள் போட்டுத் துடைத்து, சுழலும் உருளையைத் தட்டுத் தடையில்லாமல் சுழலும்படி செய்தார். பார்த்தால் புதிது மாதிரித்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் மறக்கவில்லை: குழலுக்குள் ஒரு இரும்புக் கம்பியை இறக்கிப் பற்றவைத்து அடைத்து, சுடும் முனையையும் அராவி எடுத்துவிட்டார். துரைக்கு முகம் சிவந்துவிட்டது. பெரியவர் அமைதியாகச் சொன்னார்: “தொரை, இது தீ பார்த்த துப்பாக்கி. இதுல சுட்டா, சுடுறவன் கைதான் போகும். சொவத்துல மாட்டிக்கங்க.”

அவர் சொன்னதன் காரணம் எளியது. உருக்கைச் செஞ்சூடாக்கித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கினால் அது கண்ணாடியைப்போலக் கடினமாகும். பிறகு குறைந்த சூட்டில், 200இலிருந்து 300 பாகைக்குள் அல்லது தேவைக்கேற்பச் சற்று மேலே, மீண்டும் காய்ச்சினால் கடினம் கொஞ்சம் தணிந்து வலிமை வரும்; இதைத்தான் பதம் என்போம். மினுக்கிய உருக்கு அப்போது முதலில் வைக்கோல் நிறமும், பிறகு கத்தரிப்பூ நிறமும், 300ஐத் தொடும்போது நீல நிறமும் காட்டும். ஆலையில் அவ்வளவு கவனமாக அளந்து கொடுத்த அந்தச் சூட்டை, வீட்டுத் தீ எந்த அளவும் பாராமல் தாண்டிப் போய்விடுகிறது. பிறகு சாம்பலுக்குள் மூடுண்டு மெல்ல மெல்ல ஆறும்போது உருக்கு முற்றாக மென்மையாகிவிடுகிறது. துருவைக் கண்ணால் காணலாம், குழியைத் தடவிப் பார்க்கலாம்; போன பதத்தை யாராலும் பார்க்க முடியாது. தோட்டா வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்குப் பத்தாயிரம் இறாத்தலுக்கு மேல் எழும் அழுத்தத்தை அந்த மென்மையான உருளை தாங்கும் என்று யார் கையெழுத்துப் போடுவது? தையல் மெசினில் அந்த ஆபத்து இல்லை. பதம் போன உறுப்பு அதில் ஆளைக் கொல்லாது, தையலைத்தான் கெடுக்கும். ஆகவே அம்மாவின் மெசினை ஓடவைக்கலாம் என்று துணிந்தேன்.

துணிவதற்கு முன்னால் ஒரு சோதனை பாக்கி இருந்தது. எரிந்துகொண்டிருந்தபோது தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து வீசியிருக்கிறார்கள். பழுத்த வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிப்பு விழும். ஒரு மரச் சுத்தியலால் உடலைத் தட்டிப் பார்த்தேன். தோளில் தட்டினால் மணிச்சத்தம், அடித்தட்டின் இடது பின்மூலையில் தட்டினால் பிளந்த சட்டியின் சத்தம். அந்த இடத்தை நன்றாகச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் ஒற்றித் துடைத்து, தங்கச்சி மகளான என் மருமகளின் பள்ளிக்கூடச் சோக்குக்கட்டியை அதன்மேல் பூசினேன். கால் மணித்தியாலத்தில் வெண்மைக்கு நடுவே தலைமுடி அகலத்தில் ஓர் ஈரக்கோடு எழுந்துவந்தது. வெடிப்புக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெயைச் சோக்கு உறிஞ்சி வெளியே கொண்டுவந்திருந்தது. ஒன்றேகால் அங்குல நீளம்; பிணைச்சல் துளைக்கு அருகில் தொடங்கி, பாரம் தாங்காத பக்கமாக ஓடியது. அதன் நுனியைக் கண்டுபிடித்து இரண்டு மில்லிமீற்றரில் ஒரு துளை போட்டேன். வெடிப்பின் கூர் நுனியில்தான் இழுவை எல்லாம் குவியும். துளையின் வட்டத்துக்கு வந்ததும் அது பரவிவிடும், வெடிப்பு மேலே நடக்காது. இஸ்டோரில் கொழுந்து உருட்டும் ரோலர் சட்டங்களில் இப்படி எத்தனையோ வெடிப்புகளை நிறுத்தியிருக்கிறோம்.

மெசின் இறுகிப்போயிருந்ததற்குத் துரு பாதிக் காரணம்தான். எண்ணெய்த் துளைகள் வழியே அறுபது வருடமாக ஊற்றிய எண்ணெய் தீயில் வெந்து, சுழலும் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் புஷ்ஷுக்கும் நடுவே தார்போலப் பிடித்திருந்தது. மண்ணெண்ணெயும் டீசலும் கலந்த தொட்டியில் தலையை முழுவதும் அமிழ்த்தி மூன்று கிழமை விட்டேன். நாளுக்கு ஒருமுறை சில்லை இரு கையாலும் பிடித்து, முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல நெட்டிப் பார்ப்பேன். பதினேழாம் நாள் நூலளவு அசைந்தது. அந்த நூலளவு அசைவு தந்த மகிழ்ச்சியில் நான் செய்த தவறையும் எழுதிவிடுகிறேன். அன்றே சில்லைக் கழற்றிவிடலாம் என்று அவசரப்பட்டு, அதன் முகத்தில் இருக்கும் சிறு ஸ்குரூவைத் திருகியபோது தலை முறிந்து கையோடு வந்துவிட்டது. இன்னும் நாலு நாள் ஊறவிட்டிருந்தால் அது தானாகக் கழன்றிருக்கும்; எத்தனையோ பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான் அது. மிச்சத்தைத் துளையிட்டு எடுக்க ஒரு நாள் போயிற்று. அதைவிடக் கொடுமை, சிங்கர் தன் ஸ்குரூக்களுக்குத் தனக்கென்றே ஒரு மரைக்கணக்கை வைத்திருந்ததுதான்; இரும்புக்கடையில் எந்த ஸ்குரூவை வாங்கினாலும் அதில் இறங்காது. கடைசியில் ஹட்டனில் மெசின் திருத்தும் ஒரு முதியவரின் பால்மாப் பேணிக்குள் கிடந்த நூற்றுக்கணக்கான பழைய ஸ்குரூக்களை ஒரு பின்னேரம் முழுவதும் கிளறி ஒன்றைப் பொறுக்கினேன். காசு கேட்காமல், ஒரு பிளேன்டீ வாங்கித்தரச் சொன்னார்.

துருவை எடுக்க இரண்டு வழிகளைக் கையாண்டேன். பெரிய உறுப்புகளுக்கு மின்சாரம். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர். பன்னிரண்டு வோல்ட் பெட்டரி சார்ஜரின் எதிர்முனை துருப்பிடித்த உறுப்பில், நேர்முனை தண்ணீருக்குள் நிற்கும் ஒரு வேண்டாத இரும்புத் தகட்டில். முனைகளை மாற்றிப் போட்டால் உறுப்புத்தான் கரையும். எவர்சில்வர் தகட்டை ஒருபோதும் நேர்முனையில் வைக்கக்கூடாது. அதிலுள்ள குரோமியம் நஞ்சாகித் தண்ணீரில் இறங்கும். கிளம்பும் குமிழி ஐதரசன் வாயு. ஆகவே தொட்டியைக் கூரைக்கு வெளியே, அடுப்புக்கு எட்டாத தூரத்தில் வைத்தேன். ஓர் இரவில் துரு கறுத்த சேறாகத் தளர்ந்து, பல் துலக்கும் தூரிகைக்கு இணங்கி வந்தது. ஸ்பிரிங்குகளை மட்டும் இந்தத் தொட்டியில் போடக்கூடாது. ஐதரசன் உள்ளே புகுந்து கடின உருக்கை நொறுங்கச் செய்யும். என் ஸ்பிரிங்குகள் ஏற்கெனவே செத்தவை என்பதால் அந்தக் கவலையே எனக்கு இருக்கவில்லை.

தொட்டியிலிருந்து எடுத்த இரும்பு சாம்பல் நிறத்தில், அம்மணமாக இருக்கும். மலைநாட்டில் அதை ஒரு மணித்தியாலம் மேசையில் விட்டால் போதும், ஜன்னல் வழியே நுழையும் மூடுபனியிலேயே செம்பொடி பூத்துவிடும். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதைக் ‘கறள்’ என்பார்கள். அந்தச் சொல்லில் இருக்கிற கரகரப்பு ‘துரு’வில் இல்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும். கழுவியவுடன் கொதிநீர் ஊற்றிச் சூட்டிலேயே உலர்த்தி, சூடு தணியும் முன்னர் அடுத்த வேலையைச் செய்யவேண்டும்.

அந்த அடுத்த வேலைக்குத்தான் தேயிலையை எடுத்தேன். இது புதுமையல்ல. தேயிலைச் செடிகளை நறுக்கிக் கவ்வாத்து வெட்டுகிறவர்களின் கத்தியைப் பாருங்கள்: தீட்டிய விளிம்பு மட்டும் வெள்ளி, மீதி அலகு கறுப்பு. கொழுந்தெடுக்கும் பெண்களின் விரல் நுனிகளும் அப்படித்தான் கறுத்துப்போகின்றன. தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் நீலம் கலந்த கறுப்பாக மாறும். பழைய காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் கொண்டு எழுதும் மை காய்ச்சியதும் இதே உறவை வைத்துத்தான். சந்தையில் விற்கும் துருமாற்றித் திரவங்கள் பலவற்றிலும் இருப்பது இந்தத் துவர்ப்பின் சாறே. இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதே என்று தோட்டத்து மருத்துவிச்சியம்மா கர்ப்பிணிகளைக் கண்டிப்பதும் இதன் பொருட்டுத்தான்: துவர்ப்பு இரும்பை வயிற்றிலேயே பிடித்துக்கொண்டு இரத்தத்துக்கு விடாது. நாள் முழுவதும் தேயிலைக்குள் நின்று, சோகை வெளுத்த முகத்தோடு வீடு வந்து, முதல் வேலையாகத் தேயிலைச் சாயம் குடிக்கும் பெண்களிடம் அதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று அந்த அம்மாவுக்குத்தான் தெரியும்.

கால் கிலோ டஸ்ட் தேயிலையை நாலு லீற்றர் தண்ணீரில், கரண்டி நட்டால் நிற்குமோ என்கிற அளவுக்குக் கொதிக்கவைத்து வடிகட்டி, அரைக் கோப்பை வினாகிரியும் சேர்த்து, முகத்தட்டையும் நழுவுதட்டையும் ஊசித்தண்டின் மூடியையும் அதில் இரவு முழுவதும் ஊறவிட்டேன். நிக்கல் பூச்சு தீயில் உரிந்துபோன உறுப்புகள் அவை. காலையில் எடுத்தபோது, முகத்தட்டின் திராட்சைக்கொடி வேலைப்பாட்டின் பள்ளங்கள் ஆழ்ந்த கறுப்பாகவும், மேடுகள் மழைமுகிலின் நிறமாகவும் இருந்தன. தீயில் அதிகம் வெந்த இடத்தில் மட்டும், காய்ந்த புகையிலையைப்போல ஒரு பழுப்புத் திட்டு மாறாமல் நின்றது. அதற்கு இரண்டாம் முறை சாயம் ஊற்றியும் பலனில்லை. மூன்றாம் முறை முயலவில்லை. ஒன்றைச் சொல்லியாகவேண்டும்: இந்தக் கறுப்பு ஒரு மெல்லிய தோல்தான். அதற்குமேல் எண்ணெயோ மெழுகோ இல்லாமல் மழைக்காலத்தைக் கடக்கலாம் என்று நம்பினால், அடுத்த சித்திரைக்கு மீண்டும் துருதான் மிஞ்சும்.

பிறகு அரத்தை எடுத்தேன். கடினமான உருக்கில் அரம் வழுக்கும், மென்மையானதில் கடிக்கும். ஒவ்வோர் உறுப்பின் மறைவான ஓரத்திலும் ஒரு மெல்லிய இழுப்பு. ஷட்டில் கொக்கியில் அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. ஊசியின் கண்ணருகே நூலைக் கௌவும் அதன் கூர்நுனி கடினமாக இல்லாவிட்டால், நூலே அதைச் சில மாதங்களில் அறுத்துவிடும். நூல் இரும்பை அறுக்குமா என்று மருமகள் கேட்டாள். கிணற்றுக்கல்லைக் கயிறு அறுப்பதைப் பார்த்தறியாத தலைமுறை. கீழ்நூல் உருளையை வைக்கும் பொபின் கேஸின் இலை ஸ்பிரிங், நூல் இழுவையின் சுருள், அதற்குள் இருக்கும் கம்பி ஸ்பிரிங், பாதத்தை அழுத்தும் நீண்ட ஸ்பிரிங், ஆகிய நாலும் செத்திருந்தன. கொக்கியைக் கரித்தூளுக்குள் பொதிந்து செஞ்சூட்டில் வைத்து மீண்டும் பதம் ஏற்றலாம். எனக்கு அந்தக் கை உண்டு. ஆனால் 15ஆம் வகுப்பு உலகமெங்கும் அச்சுக்கு அச்சாக நகல் செய்யப்பட்ட மெசின் என்பதால், அதன் கொக்கியும் பொபின் கேஸும் ஸ்பிரிங்குகளும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. கைவேலைப் பெருமைக்காக ஐந்து நாளைச் செலவழித்து, ஆலையில் வந்ததைவிட மட்டமான ஒரு கொக்கியைத் தருவது தங்கச்சிக்குச் செய்யும் உதவி ஆகாது. வாங்கிப் போட்டேன். ஷாஃப்டுகளும் ஊசித்தண்டும் பழையவையே. அவையும் மென்மையாகத்தான் இருக்கின்றன, ஆனால் எண்ணெய் விட்டு ஓட்டினால் தங்கச்சியின் ஆயுளுக்குக் குறையாமல் உழைக்கும். மேல் ஷாஃப்டைக் கண்ணாடிப் பலகையில் உருட்டியபோது ஒரு சிறு வளைவு தெரிந்தது. கூரை வளை விழுந்த பாரத்தில் வந்திருக்கவேண்டும். மரக்கட்டையில் தாங்கி, தட்டி நிமிர்த்தினேன்.

வண்ணத்தில்தான் வீட்டில் சண்டை. பழைய மெசின்களின் கறுப்பு சாதாரணப் பெயின்ட் அல்ல. நிலத்தாரும் ஆளிவிதை எண்ணெயும் கற்பூரத் தைலமும் (டர்பன்டைன்) சேர்த்துப் பூசி, அடுப்பில் வேகவைத்து எடுத்தது. அந்த ஆழம் டப்பாவில் வாங்கும் கறுப்பு எனாமலில் வராது. எனினும் அதைத்தான் ஐந்து கை பூசி, ஒவ்வொரு கைக்கும் நடுவே நீர்த்தாளால் தேய்த்தேன். பொன்னெழுத்தும் பூவேலையும் இப்போது ஒட்டுப்படமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஒட்டவேண்டும் என்று மருமகள் பிடிவாதம் பிடித்தாள். “மாமா, பாட்டி மெசின் மாதிரியே இருக்கணும்” என்றாள். நான் மறுத்தேன். அம்மாவின் மெசினில் பொன்னெழுத்து தேய்ந்து மறைந்தது என் சிறு வயதிலேயே. ரவிக்கைத் துணி உரசி உரசி அடித்தட்டின் முன்பக்கத்துப் பூக்கள் முழுவதும் அழிந்திருந்தன. புதுப் பொன்னை ஒட்டினால் அது கடையில் நின்ற மெசினைப்போல இருக்குமே தவிர, பாட்டியின் மெசினைப்போல இருக்காது. வகுப்பு எண்ணைப் பொறித்த சிறு பித்தளைத் தகட்டை மட்டும், தீயில் வளைந்த மூலையை நிமிர்த்தாமலேயே, பழைய இடத்தில் அறைந்து, அதன்மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் தடவினேன். மருமகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கால் சட்டகம் வார்ப்பிரும்பு. அதற்குத் துரு நீக்கிப் பெயின்ட் அடித்ததோடு சரி. எரிந்த மேசைக்குப் பதிலாக, தேயிலை மலையில் நிழலுக்கு நடும் கிரவிலியா மரத்தின் பலகையை வாங்கி இழைத்துப் போட்டேன். தோல் வார் ஹட்டன் கடையில் கிடைத்தது.

ஐப்பசியில் எல்லாவற்றையும் பூட்டி முதல் தையல் போட்டபோது, துணிக்கு மேலே ஒழுங்காகவும் கீழே குருவிக்கூடாகவும் வந்தது. கீழ்நூல் சிக்கினால் அநேகர் பொபினைக் குற்றம் சொல்வார்கள். அடிப்பக்கம் சிக்கினால் கோளாறு மேல்நூலில்தான் இருக்கும். புதுக் கம்பி ஸ்பிரிங்கை நான் அரைச்சுற்றுக் குறைவாக முறுக்கியிருந்தேன். அதைச் சரிசெய்தேன். அடுத்து ஊசிக்கும் கொக்கிக்கும் உள்ள நேரக்கணக்கு: ஊசி கீழே போய் மீண்டும் இரண்டேகால், இரண்டரை மில்லிமீற்றர் எழும்பும் அந்த நொடியில், கொக்கியின் நுனி ஊசியின் கண்ணுக்குச் சற்று மேலே வந்து நிற்கவேண்டும். அப்போதுதான் நூல் பின்பக்கம் விடுகிற சிறு வளையத்துக்குள் கொக்கி நுழையும். அந்த ஒரு அசைவை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு, சில்லைக் கையால் உருட்டி உருட்டி, ஊசித்தண்டை ஏற்றியும் இறக்கியும் ஒரு பகல் கழிந்தது. விளக்கை வைத்துக்கொண்டு தைத்த அம்மா இதையெல்லாம் பார்த்திருக்கமாட்டாள். கோளாறு வந்தால் சாமிப்படத்துத் திருநீற்றைச் சில்லில் பூசிவிட்டு மறுபடி மிதிப்பாள்.

அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் சீருடைத் துணி வந்திருந்தது. தங்கச்சி தற்காலிகக் குடிலின் வாசலில் மெசினை இழுத்துப் போட்டு, மருமகளின் வெள்ளைச் சட்டைக்கு முதல் கையைத் தைத்தாள். துணியை எடுத்துப் பார்த்தால் தையலோரம் நீளத்துக்குக் கறுப்பு எண்ணெய்ப் பொட்டுகள். அவள் ஒன்றும் சொல்லவில்லை; துணியை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். ஊசித்தண்டின் மேல் புஷ்ஷுக்குள் பழைய கரி இன்னும் மிச்சம் இருந்திருக்கிறது. நான் அன்று இரவு முழுவதும் ஒரு கிழிந்த சீலைத்துண்டைப் பாதத்தின் கீழ் வைத்து, எண்ணெய் விட்டு விட்டு மிதித்தேன்; சீலையில் விழுந்த பொட்டுகள் கறுப்பிலிருந்து பழுப்பாகி, பழுப்பிலிருந்து தெளிய விடியற்காலை ஆகிவிட்டது.

காலையில் தங்கச்சி சலவைக்காரச் சோப்புப் போட்டு அந்தக் கையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். மற்றக் கையை எடுத்து ஊசிக்கடியில் வைத்து நாலு அங்குலம் தைத்தாள், நிறுத்திக் காதைச் சாய்த்துக் கேட்டாள், மறுபடி மிதித்தாள்.

“அண்ணே, அம்மா தைக்கிறப்போ இந்தச் சத்தம் வராதே.”

மேல் புஷ் தேய்ந்து ஷாஃப்டுக்கு நூலளவு இடைவெளி விழுந்திருக்கிறது, கடைந்து வேறு போட்டால் அது போய்விடும், இரண்டு நாள் ஹட்டனுக்குக் கொண்டுபோகவேண்டும் என்றேன். அவள் துணியைத் திருப்பி, ஊசியின் கீழ் விளிம்பைச் சரிபார்த்துக்கொண்டு, “கெடக்கட்டும், சட்டை திங்கக்கெழம வேணும்” என்று சொல்லி மிதிக்கத் தொடங்கினாள்.